‘அப்பெண்டிக்ஸ் தெரியவில்லை’ என்று எழுதுவதற்கு முன்

முதல் தடவையாகத் தனியாக நைட் டியூட்டியில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் அறையில் உட்காரப் போகிறவர்களிடம் எதைக் கண்டு பயம் என்று கேட்டால், பாதிப் பேர் அப்பெண்டிக்ஸ் என்றுதான் சொல்வார்கள். நியாயமான பயம்தான். பித்தப்பை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும், கிட்னியும் அப்படித்தான். இந்த ஒட்டுக்குடல் மட்டும் ஒரு முனை சீகத்தோடு (பெருங்குடல் ஆரம்பிக்கிற பை) ஒட்டியிருக்க, மறுமுனை தன் இஷ்டத்துக்கு எங்கே வேண்டுமானாலும் போய்ப் படுத்திருக்கும். இடுப்புக்குழிக்குள் தொங்கலாம், சீகத்துக்குப் பின்னால் மேலே ஏறி ஈரலுக்குக் கீழே வரைக்கும் போயிருக்கலாம், குடல்களுக்கு நடுவே சுருண்டும் கிடக்கலாம். நன்றாக இருக்கும் ஒட்டுக்குடல் பென்சில் தடிமன்கூட வராது. அதை ராத்திரி இரண்டு மணிக்கு, வலியில் சுருண்டு கிடக்கிற ஒருவருடைய வயிற்றில், வாயு நிறைந்த குடலுக்கு அடியில் தேட வேண்டும். தேடிக் கிடைக்காதபோது ‘அப்பெண்டிக்ஸ் தெரியவில்லை’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறோம். சர்ஜனுக்கு அந்த வரியால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அதைவிட மோசம், சிலர் அதை ‘அப்பெண்டிக்ஸ் இல்லை’ என்று படித்துவிட்டு ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், மூன்றாம் நாள் வயிறு கல்லாகி ஆள் திரும்பி வருகிறார்.

அந்த வரியை முடிந்தவரை எழுதாமல் இருப்பது எப்படி, எழுதியே ஆக வேண்டும் என்றால் எப்படி எழுதுவது என்பதற்குத்தான் இது. ஹவுஸ் சர்ஜன்களையும் முதல் வருட பிஜிக்களையும் (முதுகலை மாணவர்கள்) மனதில் வைத்து எழுதுகிறேன்.

வயிற்றில் வைக்கும் ஸ்கேன் முனையை (ப்ரோப்) தொடுவதற்கு முன்

ரிக்வெஸ்ட் தாளில் ‘வயிற்று வலி, ஸ்கேன்’ என்று மட்டும்தான் இருக்கும். அதை நம்பி ஆரம்பிக்காதீர்கள். இரண்டு நிமிடம் நோயாளியிடம் பேசுங்கள். வலி முதலில் எங்கே வந்தது? தொப்புளைச் சுற்றி மந்தமாக ஆரம்பித்து, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்கியது என்றால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். உள்ளே அடைப்பு ஏற்பட்டுக் குழாய் உப்பும்போது அந்த வலியைக் கொண்டுபோகிற நரம்புகள் தொப்புள் மட்டத்து வலியாகத்தான் அதைக் காட்டும். அழற்சி வெளிச்சுவரைத் தாண்டி வயிற்றின் உட்படலத்தைத் தொட்ட பிறகே வலி ஒரே இடத்தில் நிலைகொள்ளும். பசி இருக்கிறதா, வாந்தி எடுத்தாரா, காய்ச்சல் உண்டா, பெண்ணாக இருந்தால் கடைசியாக எப்போது தலைக்கு ஊற்றிக்கொண்டார், ஏற்கெனவே ஆபரேஷன் ஆகியிருக்கிறதா? கடைசிக் கேள்வி சிரிப்பாக இருக்கலாம். வலது அடிவயிற்றில் பழைய தழும்பு இருப்பதைக் கவனிக்காமல், எடுத்துப்போட்ட அப்பெண்டிக்ஸை இருபது நிமிடம் தேடியவர்களை எனக்குத் தெரியும். பிள்ளை பெறும் வயதுப் பெண் என்றால் சிறுநீர்க் கர்ப்பப் பரிசோதனை ஆகிவிட்டதா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

இதையெல்லாம் எண்ணாக மாற்றத்தான் 1986-இல் அல்வராடோ என்ற மருத்துவர் ஒரு ஸ்கோர் கொடுத்தார். வலி இடம் மாறியது, பசியின்மை, குமட்டல் அல்லது வாந்தி, கையை எடுக்கும்போது சுரீரென்ற வலி, காய்ச்சல், ரத்த வெள்ளணுக்களில் இளம் அணுக்கள் கூடியிருப்பது, இவற்றுக்கு ஆளுக்கு ஒரு மதிப்பெண். வலது அடிவயிற்றில் தொட்டால் வலி, வெள்ளணு எண்ணிக்கை உயர்வு, இந்த இரண்டுக்கும் இரண்டிரண்டு. மொத்தம் 10. நான்கு அல்லது அதற்குக் கீழே என்றால் வாய்ப்புக் குறைவு, ஏழோ அதற்கு மேலோ என்றால் அதிகம், ஐந்தும் ஆறும்தான் உங்கள் தலையில் வந்து விழும். ஸ்கோர் போட்டு ஆபரேஷனை முடிவு செய்யச் சொல்லவில்லை. ஆனால் மனதில் ஓர் எண் இல்லாமல் திரையைப் பார்க்காதீர்கள், ஏனென்றால் ஸ்கோர் 2 இருக்கிறவரிடம் 6.5 மி.மீ. குழாய் ஒன்று தெரிந்தால் அதற்குப் பெரிதாக அர்த்தம் கிடையாது, ஸ்கோர் 9 இருக்கிறவரிடம் எதுவுமே தெரியாமல் போனால் அது நிம்மதிப்படுகிற விஷயமும் இல்லை.

அப்புறம், வலி மருந்து. ‘ஸ்கேன் முடியட்டும், மருந்து கொடுத்தால் அறிகுறி மறைந்துவிடும்’ என்று ஆளைத் துடிக்க விடுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. மருந்து கொடுப்பதால் நோயறிதல் கெட்டுப்போவதில்லை என்று பரிசோதித்துப் பார்த்தாகிவிட்டது. கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். வயிற்றை இறுக்கிப் பிடித்திருப்பவரை அழுத்தி ஸ்கேன் செய்ய முடியாது.

அழுத்தம்தான் எல்லாம்

எக்ஸ்ரேயைப் பற்றி ஒரே வரி: அப்பெண்டிக்ஸுக்கு அது உதவாது, குடல் ஓட்டையோ அடைப்போ என்று சந்தேகம் இருந்தால் மட்டும் எடுங்கள்.

அல்ட்ராசவுண்டில் முதலில் வளைந்த ப்ரோப்பை வைத்து முழு வயிற்றையும் ஒரு சுற்றுப் பாருங்கள். வலது கிட்னி உப்பியிருக்கிறதா, பித்தப்பை எப்படி, இடுப்பில் நீர் இருக்கிறதா, கர்ப்பப்பை, சினைப்பைகள். இதைக் கடைசிக்கு வைத்தால் மறந்துபோகும். சிறுநீர்ப்பை நிரம்பட்டும் என்று தண்ணீர் குடிக்கச் சொல்லாதீர்கள், ஆபரேஷனுக்குப் போகக்கூடிய ஆள்.

பிறகு நேர் ப்ரோப், 7 முதல் 12 மெகாஹெர்ட்ஸ். நோயாளியிடம் ‘எந்த இடத்தில் ரொம்ப வலிக்கிறது, ஒரே விரலால் காட்டுங்கள்’ என்று கேளுங்கள். முழுக் கையையும் வயிற்றில் வைத்துத் தடவினால் விடாதீர்கள், ஒரு விரல். மெக்பர்னி என்ற சர்ஜன் 1889-இல் சொன்ன, தொப்புளுக்கும் வலது இடுப்பெலும்புக்கும் நடுவில் வருகிற அந்தப் புள்ளி எல்லோருக்கும் பரீட்சைக்காகத் தெரியும், ஆனால் ஒட்டுக்குடல் பரீட்சை எழுதவில்லையே. நோயாளியின் விரல் பல நேரம் உங்களைவிடச் சரியாகக் காட்டிக் கொடுத்துவிடும்.

நெதர்லாந்தைச் சேர்ந்த பியூலார்ட், அதே 1986-இல், படிப்படியாக அழுத்தி ஸ்கேன் செய்யும் முறையை எழுதினார். இன்றைக்கும் அதுதான் அடிப்படை. அழுத்துவது எதற்கு? நடுவில் இருக்கிற வாயு நிறைந்த குடல்களை ஒதுக்கித் தள்ளுவதற்கும், ப்ரோப்பை இலக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோவதற்கும், அப்புறம் முக்கியமாக, நசுங்குகிறதா இல்லையா என்று பார்ப்பதற்கும். நோயாளி மூச்சை விடும்போது கொஞ்சம் அழுத்துங்கள், இழுக்கும்போது அப்படியே நிறுத்துங்கள், அடுத்த மூச்சில் இன்னும் கொஞ்சம். எடுக்கும்போதும் அதே நிதானம். வெடுக்கென்று எடுத்தால் அந்தச் சுரீர் வலி வந்து, அதற்குமேல் அவர் உங்களைத் தொட விடமாட்டார். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்கு அளவுகோல் திரையிலேயே இருக்கிறது. பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சோவாஸ் தசையும், காலுக்குப் போகிற இலியாக் ரத்தக்குழாய்களும் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியவில்லையா, இன்னும் அழுத்தம் போதவில்லை. இந்த ஒரு விஷயத்தில்தான் புதியவர்கள் தோற்கிறார்கள்: பாவம் வலிக்குமே என்று மேலாக்கத் தடவிவிட்டு ‘வாயு மறைக்கிறது’ என்று எழுதுகிறார்கள்.

தேடும் பாதை இப்படி. வலது விலாவுக்குக் கீழே ஏறுகுடலைக் குறுக்குவெட்டில் பிடித்து, விடாமல் கீழே இறங்கி வாருங்கள். அது மூடிய பையாக முடிகிற இடம் சீகம். அங்கே உட்பக்கத்திலிருந்து சோவாஸையும் ரத்தக்குழாய்களையும் தாண்டி ஒரு குடல் வந்து சேரும், அதுதான் டெர்மினல் இலியம், சிறுகுடலின் கடைசிப் பகுதி. அது சேருகிற இடத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே, அதே பக்கத்தில், ஒட்டுக்குடலின் அடி. அடி கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, அங்கிருந்து நுனி வரை போங்கள். கிடைக்கவில்லை என்றால் மூன்று இடங்களைத் தனித்தனியாகப் பாருங்கள்: சோவாஸுக்கு முன்னால், ரத்தக்குழாய்களின் மேல் வழியாக இடுப்புக்குள், சீகத்துக்குப் பின்னால்.

ஏதோ ஒரு குழாய் கிடைத்தது. அது ஒட்டுக்குடல்தானா? ஒரு முனை சீகத்தில் சேர வேண்டும், மறுமுனை மூடியிருக்க வேண்டும், அரை நிமிடம் ப்ரோப்பை அசைக்காமல் வைத்துப் பார்த்தால் அது அசையக் கூடாது. மூன்றும் வேண்டும். என்னுடைய முதல் வருடத்தில் ஒரு பையனுக்கு அழகான குழாய் ஒன்றைப் பிடித்து, 9 மி.மீ. என்று அளந்து, சர்ஜனை எழுப்பிவிட்டேன். அவர் வந்து நிற்கும்போது சீனியர் ப்ரோப்பை வாங்கி வைத்தார், பத்து நொடியில் அந்தக் குழாய் நெளிந்து சுருங்கிக் காணாமல் போனது. டெர்மினல் இலியம். மூடிய முனையை நான் பார்க்கவே இல்லை, இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சர்ஜன் ஒன்றும் சொல்லாமல் போனதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அளப்பது அழுத்திய நிலையில், வெளிச்சுவரிலிருந்து வெளிச்சுவர் வரை. 6 மி.மீ.க்கு மேல், நசுங்கவில்லை என்றால் சந்தேகம். ஆனால் இந்த எண்ணைச் சாமி கும்பிடுகிற மாதிரி பிடித்துக்கொள்ள வேண்டாம். மலமோ வாயுவோ நிறைந்த நல்ல ஒட்டுக்குடலும் ஆறைத் தாண்டும். 6-க்கும் 8-க்கும் நடுவில் இருந்தால் சுற்றுப்புறத்தைப் பார்த்துத்தான் முடிவு. எனக்கு விட்டத்தைவிடக் கொழுப்பின் மேல்தான் நம்பிக்கை அதிகம். அழற்சி இருந்தால் ஒட்டுக்குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு வெள்ளையாக, தடித்து, அழுத்தினால் நசுங்காமல் ஒரு கட்டி மாதிரி நிற்கும். ஒட்டுக்குடலே சரியாகத் தெரியாவிட்டாலும் இந்த வெள்ளைக் கொழுப்பு ‘இங்கேதான் எரிகிறது’ என்று காட்டிக்கொடுக்கும். அதன் நடுவில் தேடுங்கள். ப்ரோப்பை அதன் நேர் மேலே வைத்து அழுத்தும்போது மட்டும் ஆள் துள்ளுகிறாரா என்பதும் முக்கியம். சுவர் 3 மி.மீ.க்கு மேல் தடித்திருப்பது, உள்ளே நிழல் விழுகிற கல் (இறுகிப்போன மலம்), டாப்ளரில் சுவரில் ரத்த ஓட்டம் கூடியிருப்பது, இவையெல்லாம் கூடுதல் சாட்சிகள். டாப்ளரில் ரத்த ஓட்டம் இல்லை என்று நிம்மதி அடைய வேண்டாம், சுவர் அழுகிப்போயிருந்தாலும் ஓட்டம் இருக்காது. சுவரின் நடுவில் இருக்கிற வெள்ளைக் கோடு அங்கங்கே அறுந்திருந்தால் அழுகல் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நுனி வரை பார்த்தீர்களா? அடியும் நடுவும் 5 மி.மீ. இருந்து நுனி மட்டும் 11 இருக்கிற கேஸ்கள் உண்டு. நுனியைப் பார்க்காமல் ‘நார்மல்’ எழுதுவது டெர்மினல் இலியத்தை அளப்பதைவிடப் பெரிய தப்பு.

இன்னும் கிடைக்கவில்லையா

இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள், சீகம் உள்பக்கம் சரிந்து பின்னால் ஒளிந்திருப்பது வெளியே வரும். உங்கள் இடது கையை நோயாளியின் இடுப்புக்குப் பின்னால் கொடுத்து முன்னோக்கித் தள்ளிக்கொண்டே முன்னாலிருந்து ப்ரோப்பால் அழுத்துங்கள். விலாப்பக்கத்திலிருந்தும் ஒரு தடவை பாருங்கள். பருமனானவர்களுக்கு நேர் ப்ரோப் எட்டாது, வளைந்ததையே பயன்படுத்துங்கள். மணமான பெண்களில், அவர்கள் சம்மதத்தோடு, பிறப்புறுப்பு வழி ஸ்கேன் செய்தால் இடுப்புக்குள் தொங்கும் ஒட்டுக்குடலும் சினைப்பையும் சேர்ந்தே தெரியும்.

எல்லாம் செய்தும் கிடைக்கவில்லை என்றால் அது தோல்வி இல்லை, நல்ல கைகளுக்கும் நடப்பதுதான். ஆனால் ரிப்போர்ட்டில் நான்கு வரி வேண்டும். எதுவரை பார்த்தோம், போதுமான அழுத்தம் கொடுக்க முடிந்ததா, வெள்ளைக் கொழுப்பு, நீர், நெறிக்கட்டி, ப்ரோப் வலி இவை இருந்தனவா இல்லையா, வலிக்கு வேறு காரணம் ஏதாவது தெரிந்ததா. ‘ஒட்டுக்குடல் தெரியவில்லை; சோவாஸ் வரை நன்றாக அழுத்திப் பார்த்ததில் அழற்சியின் மறைமுக அறிகுறிகள் எதுவும் இல்லை’ என்பதும் ‘வாயுவாலும் வலியாலும் போதுமான பரிசோதனை செய்ய முடியவில்லை’ என்பதும் ஒன்றா? முதலாவதை வைத்து, ஸ்கோரும் குறைவாக இருந்தால், சர்ஜன் ஆளைப் படுக்கவைத்துச் சில மணி நேரம் கழித்து மறுபடி வயிற்றைத் தொட்டுப் பார்க்கலாம், மறுபடி ஸ்கேனும் கேட்கலாம். இரண்டாவது என்றால் சி.டி.க்குப் போக வேண்டியதுதான்.

சி.டி. யாருக்கு

பெரியவர்களுக்கு, ஸ்கேன் பதில் சொல்லாதபோது, அல்லது சீழ்க்கட்டி, ஓட்டை என்று சந்தேகம் இருக்கும்போது. சி.டி. அதிகம் எடுக்காமல் திறந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டனே உதாரணம். அங்கே சி.டி. எடுப்பது குறைவாக இருந்தது, 2020-இல் வெளியான பெரிய ஆய்வில், ஒட்டுக்குடல் என்று திறந்து எடுக்கப்பட்டவர்களில் பெண்களில் 28 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 12 சதவீதம் பேருக்கும் ஒட்டுக்குடல் நன்றாகவே இருந்தது.

ரத்தநாளத்தில் கான்ட்ராஸ்ட் (படத்தில் உறுப்புகளைப் பளிச்சென்று காட்டும் மருந்து) கொடுத்து சுமார் 70 நொடியில் ஒரே கட்டமாக எடுத்தால் போதும். குடிக்கிற கான்ட்ராஸ்ட் வழக்கமாகத் தேவையில்லை, ஒன்றிரண்டு மணி நேரம் வீணாவதும் வாந்தியும்தான் மிச்சம். கதிர்வீச்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டியது இளைஞர்களுக்குத்தான். தென்கொரியாவில் 15 முதல் 44 வயது வரையுள்ள 891 பேரிடம் செய்து 2012-இல் வெளியான ஆய்வில், வழக்கமான 8 மில்லிசீவர்ட் கதிர்வீச்சுக்குப் பதில் 2 மில்லிசீவர்ட் அளவில் எடுத்தும், தேவையில்லாமல் ஒட்டுக்குடலை எடுத்தவர்களின் விகிதம் 3.2-க்கு 3.5 சதவீதம் என்று ஏறக்குறைய அப்படியே இருந்தது. உங்கள் மிஷினில் குறைந்த அளவு புரோட்டோகால் இருக்கிறதா என்று டெக்னீஷியனிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள், ராத்திரியில் கேட்டால் கிடைக்காது.

படிக்கும்போதும் அதே பாதைதான்: ஏறுகுடல், சீகம், சிறுகுடல் வந்து சேருகிற இடத்தில் கொழுப்பு உதடு போல் தெரியும் வால்வு, அதற்குக் கீழே ஒட்டுக்குடல். முன்பக்க வெட்டுப் படத்தையும் கட்டாயம் பாருங்கள். சுற்றிலும் கொழுப்பில் நூல் நூலாகப் புகை மாதிரி படர்ந்திருக்கிறதா, சுவர் பளிச்சென்று கான்ட்ராஸ்ட் வாங்குகிறதா, சுவரில் ஓரிடத்தில் மட்டும் வாங்காமல் இடைவெளி விழுந்திருக்கிறதா (அதுதான் ஓட்டை), வெளியே காற்றுக்குமிழி, கல், சீழ் தேங்கியிருக்கிறதா. ஒன்றை ஞாபகம் வையுங்கள்: சி.டி.க்குக் கொழுப்பு நண்பன், அல்ட்ராசவுண்டுக்கு எதிரி. எலும்பும் தோலுமாக வருகிற காலேஜ் பையனுக்கு சி.டி.யில் குடல்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி எதுவும் பிரிந்து தெரியாது, ஆனால் அவனுக்கு ஸ்கேன் பிரமாதமாக வரும். பருமனான பெரியவருக்கு நேர்மாறாக.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒட்டுக்குடல் அழற்சி தெரிந்தாலும் அத்தோடு நிறுத்தாமல் சீகத்தின் சுவரைப் பாருங்கள், அடியை அடைக்கும் புற்றுக்கட்டி அழற்சியாகத்தான் முதலில் முகம் காட்டும். சுற்றிக் கொழுப்பு சுத்தமாக இருந்து, ஒட்டுக்குடல் மட்டும் 15 மி.மீ.க்கு மேல் பலூன் மாதிரி உப்பியிருந்தால் உள்ளே சளி தேங்கிய கட்டியாக இருக்கலாம். சர்ஜனிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், எடுக்கும்போது உடைந்துவிடக் கூடாது.

ஏமாற்றுகிற மற்றவை

நம் ஊரில் டெர்மினல் இலியமும் சீகமும் சேர்ந்து தடித்து, நெறிக்கட்டிகளின் நடு கருத்திருந்தால் டி.பி.யை நினைக்காமல் விடக் கூடாது. டைபாய்டிலும் இலியம் தடித்து நெறிக்கட்டி வரும், ஒட்டுக்குடல் மெலிசாகவே இருக்கும். குழந்தைகளில் நெறிக்கட்டிகள் மட்டும் கும்பலாக இருந்து ஒட்டுக்குடல் நுனி வரை நன்றாகத் தெரிந்தால் நெறிக்கட்டி அழற்சி என்று சொல்லலாம். ஒட்டுக்குடலைப் பார்க்காமல் அப்படிச் சொல்லக் கூடாது, ஏனென்றால் ஒட்டுக்குடல் அழற்சியிலும் நெறிக்கட்டி வரும். வலது சிறுநீர்க்குழாயின் கடைசி முனையில் மாட்டிய கல், முறுக்கிக்கொண்ட சினைப்பை, கருக்குழாயில் தங்கிய கர்ப்பம், இந்த மூன்றையும் தவறவிட்டால் மன்னிப்பே கிடையாது.

கர்ப்பிணிகளுக்கு முதலில் அல்ட்ராசவுண்ட், பதில் கிடைக்காவிட்டால் காடோலினியம் என்ற கான்ட்ராஸ்ட் கொடுக்காமல் எம்.ஆர்.ஐ. மாதம் ஏற ஏற சீகம் மேலே தள்ளப்படும், அதனால் ப்ரோப்பை வழக்கமான இடத்திலேயே வைத்துத் தேடிக்கொண்டிருக்காமல் மேலே ஏறுங்கள். எம்.ஆர்.ஐ. கிடைக்காத ஊரில் தாயின் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் சி.டி.யே எடுக்கக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை, சர்ஜனும் மகப்பேறு மருத்துவரும் நீங்களும் சேர்ந்து பேசி முடிவெடுங்கள். அப்பெண்டிக்ஸுக்காகத்தானே என்று, கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்தால் சட்டப்படி நிரப்ப வேண்டிய படிவம் எஃப் பூர்த்தி செய்யாமல் விட்டுவிடாதீர்கள். ஆய்வுக்கு வருகிறவர்கள் நீங்கள் எதைத் தேடினீர்கள் என்று கேட்க மாட்டார்கள்.

ரிப்போர்ட்டில் ஒட்டுக்குடலுக்குள் கல் இருக்கிறதா இல்லையா என்பதைத் தனி வரியாக எழுதுங்கள். ஆன்டிபயாட்டிக் மட்டும் கொடுத்துப் பார்க்கலாமா என்ற கேள்வி இப்போது நோயாளிகளிடமிருந்தே வருகிறது. அமெரிக்காவில் 1,552 பேரிடம் நடந்து 2020-இல் வெளியான ஆய்வில், ஆன்டிபயாட்டிக் எடுத்தவர்களில் 90 நாளுக்குள் ஆபரேஷனுக்கு வந்தவர்கள் மொத்தத்தில் 29 சதவீதம். கல் இருந்தவர்களில் அது 41, இல்லாதவர்களில் 25. ஆக, நீங்கள் எழுதுகிற அல்லது எழுத மறக்கிற அந்த வரியை வைத்துத்தான் சர்ஜன் வீட்டுக்காரர்களிடம் பேசப்போகிறார். விட்டம், எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, ஓட்டை அறிகுறி, சீழ் எவ்வளவு, இவையும் வேண்டும். ஓட்டை என்று தெரிந்தால் டைப் செய்துகொண்டு உட்காராமல் முதலில் போன் பண்ணுங்கள்.

அடுத்த நாள் டியூட்டி முடிந்து போகும்போது ஆபரேஷன் தியேட்டரில் என்ன கிடைத்தது என்று கேட்டுவிட்டுப் போங்கள். நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், பெயர் இல்லாமல், தேதி, நான் எழுதியது, அவர்கள் கண்டது என்று மூன்று பத்தி மட்டும். முதல் பக்கத்தில் முதல் வரி அந்த 9 மி.மீ. இலியம்தான், மூன்றாவது பத்தியில் ‘திறக்கவில்லை’ என்று எழுதியிருக்கும்.